கை ரூட்டர்: பாதுகாப்பாகவும் பிசிறில்லாமலும் வெட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

பலகை விளிம்பை உருட்ட, அலமாரித் தட்டுக்குக் காடி (தட்டு செருகும் நீளப் பள்ளம்) எடுக்க, கீல் உட்காரக் குழி தோண்ட, மைக்காவின் நீட்டத்தை மட்டமாகச் சீவ, ஒரே அச்சில் பல துண்டுகள் வெட்ட என்று எல்லாவற்றுக்கும் ஒரே கருவி உதவுகிறது என்றால் அது ரூட்டர்தான். உளியும் இழைப்புளியும் வைத்து அரை நாள் செய்யும் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். அந்த வேகத்துக்குக் காரணம், நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் சுழலும் 'பிட்' என்ற ஒரு சிறிய கத்தி. அதை நாம் நம் கைகளால் நடத்துகிறோம் என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

பாதுகாப்புக்குத் தனிப் பகுதி, நேர்த்திக்குத் தனிப் பகுதி என்று இங்கே பிரித்து எழுதவில்லை. இந்தக் கருவியில் இரண்டையும் பிரிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பிட் தளர்ந்தால் ஆபத்து, அளவும் போச்சு. திசை மாறினால் கருவி கையை விட்டு ஓடும், விளிம்பும் பெயரும். ஒரே தடவையில் ஆழமாக வெட்டினால் மோட்டார் திணறும், மரமும் கருகும். வெட்டு அசிங்கமாக வருகிறது என்றால் எங்கோ பாதுகாப்பும் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த ரூட்டர்?

கையில் பிடிக்கும் ரூட்டர்களில் மூன்று வகை புழக்கத்தில் உண்டு. சிறியது ட்ரிம்மர். ஒரு கையில் அடங்கும், 6 அல்லது 6.35 மி.மீ. தண்டு (ரூட்டருக்குள் செருகும் பகுதி) உள்ள பிட்டை ஏற்கும். விளிம்பு உருட்டல், மைக்கா சீவல், சின்னக் கீல் குழிகளுக்கு இது போதும். இரண்டாவது, அடித்தட்டு நிலையாக இருக்கும் நடுத்தர ரூட்டர். ஆழத்தை ஒருமுறை பூட்டிவிட்டால் வேலை முடியும்வரை அது மாறாது. மூன்றாவது பிளஞ்ச் ரூட்டர். இரண்டு கம்பிகளின் மேல் மோட்டார் ஏறி இறங்கும். மோட்டார் ஓடும்போதே பிட்டைப் பலகையின் நடுவில் இறக்கலாம், வெட்டு முடிந்ததும் நெம்புகோலைத் தளர்த்தினால் ஸ்பிரிங் அதை மேலே தூக்கிவிடும்.

புதிதாகப் பழகுபவர் ட்ரிம்மரில் தொடங்குவது நல்லது. எடை குறைவு, முறுக்குவிசை குறைவு, தவறினாலும் அடக்கிவிடலாம். ஆனால் 'ட்ரிம்மர்தானே' என்று ஒற்றைக் கையால் ஓட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். அது பெரிய ரூட்டரைவிட வேகமாக, 30,000 சுற்றுவரைகூடப் போகும். ஒரு கை மோட்டார் உடலிலும், மறு கை அடித்தட்டை மரத்தோடு அழுத்தியபடியும் இருக்கட்டும்.

பிட் தேர்வு

ரூட்டர் வெறும் மோட்டார்தான். வெட்டுவது பிட். தொடக்கத்துக்குப் பெரிய பெட்டி நிறையப் பிட்டுகள் தேவையில்லை. நேர் பிட் இரண்டு அளவில், உருட்டும் பிட் ஒன்று, 45 டிகிரி சரிவுப் பிட் ஒன்று, நுனியில் பேரிங் உள்ள மட்டப் பிட் ஒன்று. இந்த ஐந்தையும் தரமாக வாங்கினால் வீட்டுத் தச்சு வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும். கார்பைடு முனை ஒட்டியதையே வாங்குங்கள். சாதாரண அதிவேக எஃகுப் பிட் ஆரம்பத்தில் கூராக இருக்கும், ஆனால் ப்ளைவுட்டின் பசையும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் அதைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் அதுவும் கூரைத் தின்னும்.

ஒரே வெட்டு விட்டத்தில் 6 மி.மீ. தண்டும் 12 மி.மீ. தண்டும் கிடைத்தால், உங்கள் ரூட்டர் இடம் கொடுக்கும்பட்சத்தில் தடித்த தண்டையே எடுங்கள். தண்டு தடித்தால் அதிர்வும் வளைவும் குறையும், வெட்டு முகம் வழவழவென்று வரும்.

சுருள் பிட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மேல்நோக்கிச் சுருள் உள்ளது சீவலைக் குழியிலிருந்து வெளியே இழுக்கும். ஆழமான காடிக்கு நல்லது, ஆனால் மேற்பரப்பின் இழைகளையும் சேர்த்துத் தூக்குவதால் விளிம்பில் பிசிறு எழும். கீழ்நோக்கிச் சுருள் உள்ளது இழைகளை அமுக்கி வெட்டுவதால் மேல் விளிம்பு கத்தியால் கீறியது போல் இருக்கும். மெல்லிய மர முகத்தகடு ஒட்டிய ப்ளைவுட்டுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் சீவல் குழிக்குள்ளேயே அடையும், ரூட்டரையும் மேலே தள்ளப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக இறக்கி, அடித்தட்டை அழுத்திப் பிடித்து ஓட்ட வேண்டும்.

மிகப் பெரிய விட்டமுள்ள பிட்டுகளைக் கையில் பிடித்து ஓட்டவே கூடாது. கதவுப் பலகைக்கான உருவம் வெட்டும் அகலப் பிட்டுகள், ரூட்டரைத் தலைகீழாகப் பொருத்தி வைக்கும் ரூட்டர் மேசைக்கு உரியவை. சுமார் 35 மி.மீ. தாண்டினாலே கையில் பிடிக்க யோசியுங்கள்.

பிட்டைப் பொருத்துதல்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. விரல்கள் கத்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் இது, பிளக் உங்கள் கண் முன்னால் கிடக்க வேண்டும். பேட்டரி ரூட்டர் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள்.

பிட்டைக் கவ்விப் பிடிப்பது கோலெட். பல பிளவுகள் கொண்ட ஒரு சிறு எஃகுக் குழல். நட்டை இறுக்கும்போது பிளவுகள் நெருங்கித் தண்டைச் சுற்றிலும் அமுக்குகின்றன. இந்த அமுக்கம் சீராக விழ மூன்று நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, அளவு. 6 மி.மீ. கோலெட்டும் 6.35 மி.மீ. கோலெட்டும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். 6.35-க்கான கோலெட்டில் 6 மி.மீ. தண்டு சுலபமாக நுழையும், நட்டும் இறுகியது போலத் தோன்றும், ஆனால் பிடிப்பு இருக்காது. 12-க்கும் 12.7-க்கும் இதே கதைதான். தண்டில் பொறித்திருக்கும் அளவை வாசித்துப் பொருத்துங்கள்.

இரண்டு, சுத்தம். கோலெட்டின் உட்புறத்தையும் தண்டையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிளவுக்குள் சிக்கிய மரத்தூளைச் சிறு தூரிகையால் தள்ளுங்கள். எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், அது பிடிப்பைக் கெடுக்கும். பழைய பிட்டின் தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பழுப்பு நிற வளையங்களோ கீறல் கோடுகளோ தெரிந்தால், ஓடும்போது பிட் கோலெட்டுக்குள் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். கோலெட் தேய்ந்துவிட்டது, அதை மாற்றுங்கள். கோலெட் தேயும் உதிரிபாகம்தான். காலம் முழுக்க ஒன்றையே வைத்திருப்பது தவறான சிக்கனம்.

மூன்று, ஆழம். தண்டை அடிவரை இறக்கி, பிறகு 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டிருந்தால், இறுக்கும்போது கோலெட் கீழே நகர இடம் இல்லாமல் பிடிப்பு முழுமையாகாது. அதற்காகத் தேவைக்கு மேல் வெளியே இழுத்தும் வைக்கக் கூடாது. கோலெட்டுக்குள் குறைந்தது 20 மி.மீ. தண்டாவது இருக்கட்டும். ஆழம் எட்டவில்லை என்று தண்டை வெளியே இழுப்பவர்கள் உண்டு. நீளமான பிட் வாங்குவதுதான் அதற்கு வழி.

பிட் இல்லாத கோலெட்டை ஒருபோதும் இறுக்காதீர்கள். அது அளவுக்கு மேல் நெருங்கி வடிவம் கெட்டுவிடும். இறுக்கிய பிறகு ஸ்பேனர்களை எடுத்துவிட்டீர்களா என்று பார்த்துவிட்டு, பிட்டைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பிப் பாருங்கள். அடித்தட்டில் எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும்.

வேகம்

பிட்டின் விட்டம் கூடக்கூட சுழற்சி வேகம் குறைய வேண்டும். காரணம் எளிது. 12 மி.மீ. பிட் 24,000 சுற்றில் ஓடும்போது அதன் வெட்டு முனை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது. அதே சுற்றில் 50 மி.மீ. பிட்டின் முனை நொடிக்கு 63 மீட்டர், அதாவது மணிக்கு 225 கி.மீ.க்கும் மேல். அந்த வேகத்தில் சிறு சமநிலைக் குறையும் பெரிய அதிர்வாக மாறும், மரமும் கருகும்.

பொதுவாக 25 மி.மீ. வரை 22,000 முதல் 24,000, 25 முதல் 50 மி.மீ. வரை 16,000 முதல் 18,000, அதற்கு மேல் 12,000 அல்லது அதற்கும் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். பிட்டின் உறையிலோ தண்டிலோ அதிகபட்ச வேகம் அச்சிட்டிருந்தால் அதுவே இறுதி. வேகம் மாற்ற முடியாத ரூட்டரில் சிறிய பிட்டுகளை மட்டும் போடுங்கள்.

கண், காது, மூச்சு, உடை

கண்ணாடி பக்கவாட்டையும் மறைப்பதாக இருக்க வேண்டும். சீவல் எந்தப் பக்கமிருந்தும் வரும். ரூட்டரின் சத்தம் பெரும்பாலும் 90 டெசிபலுக்கு மேல். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் காது தாங்கும் என்றால், 94-ல் ஒரு மணி நேரம்தான், 100-ல் கால் மணி நேரம்தான் என்பது தொழில் சுகாதாரக் கணக்கு. எனவே காது மறைப்பான் கட்டாயம். அது போட்டுக்கொண்டாலும் மோட்டாரின் சுருதி மாறுவது கேட்கும், கவலை வேண்டாம்.

மரத்தூளைப் பலரும் அலட்சியமாகவே பார்க்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1995-ல் வெளியிட்ட அறிக்கையில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. எம்.டி.எஃப். தூள் இன்னும் நுண்ணியது, அதிலுள்ள பசையில் ஃபார்மால்டிஹைடும் உண்டு. துணியைக் கட்டிக்கொள்வது போதாது, என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 தர முகக்கவசம் போடுங்கள். தூசி உறிஞ்சும் குழாய் இணைக்க வழியிருந்தால் இணையுங்கள். வெட்டும் இடம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பது கூடுதல் பலன்.

கையுறை வேண்டாம். சுழலும் பிட் துணியின் ஒரு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். நீண்ட கைச்சட்டையை முழங்கைக்கு மேல் மடியுங்கள், கழுத்தில் தொங்குவதைக் கழற்றுங்கள், முடியைக் கட்டுங்கள். மின்கம்பியைத் தோள்மேல் போட்டுப் பின்னால் விடுங்கள்.

மரத்தை அசையாமல் நிறுத்துதல்

இரண்டு கையும் ரூட்டரில் இருக்க வேண்டும் என்றால் மரத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிளாம்ப்தான். குறைந்தது இரண்டு கிளாம்ப் போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் பலகை அதை மையமாக வைத்துத் திரும்பும். ரூட்டரின் பாதையில் கிளாம்ப் குறுக்கிடுகிறதா என்று, பிளக் போடாமலே ஒருமுறை முழுப் பாதையிலும் நகர்த்திப் பாருங்கள். அடித்தட்டு மட்டுமின்றி கைப்பிடியும் கம்பியும்கூட முட்டக் கூடாது.

சிறிய துண்டுகள் தனி எச்சரிக்கைக்கு உரியவை. உள்ளங்கை அளவுத் துண்டைக் கிளாம்பில் பிடித்து ரூட்டர் ஓட்டுவதைவிட, பெரிய பலகையிலேயே உருவத்தை வெட்டிவிட்டு பிறகு துண்டை அறுத்தெடுப்பது மேல். முடியாதபோது இருபக்கப் பசை நாடாவால் அகலமான பலகையில் ஒட்டி, சுற்றிலும் அதே தடிமனுள்ள துண்டுகளை வையுங்கள், அடித்தட்டு சாயாது.

குறுகிய விளிம்பின் மேல் ரூட்டரை நிறுத்தும்போதும் இதே உத்திதான். 18 மி.மீ. விளிம்பில் அடித்தட்டு ஆடும், ஆடினால் வெட்டு சரியும். பக்கத்தில் இன்னொரு பலகையைச் சமமட்டமாக வைத்துக் கிளாம்ப் போட்டால் நிற்க அகலம் கிடைக்கும்.

திசை

ரூட்டரில் எல்லாவற்றையும்விட இதைத்தான் அதிகம் வலியுறுத்துவேன். கையில் பிடித்திருக்கும் ரூட்டரின் பிட், மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுழலும். வெட்டும் பல் மரத்தில் மோதும்போது ரூட்டர் உந்தப்படும் திசைக்கு எதிராக நாம் தள்ளினால் மரம் நம்மைத் தடுக்கும், நாம் அழுத்துவோம், கட்டுப்பாடு நம் கையில் இருக்கும். அதே திசையில் தள்ளினால் பற்கள் சக்கரம் போல மரத்தைப் பற்றி ஏறி, ரூட்டரை நம் கையிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடும்.

நினைவில் வைக்க ஒரு வழி. வலது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, கட்டைவிரலைச் சுட்டுவிரலுக்குச் செங்குத்தாக விரியுங்கள். கட்டைவிரல் வெட்டப்படும் மரத்தைக் காட்டினால், சுட்டுவிரல் காட்டுவதே போக வேண்டிய திசை. பலகை விளிம்பு உங்களைப் பார்த்திருக்க எதிரே நின்றால் இது இடமிருந்து வலம். பலகையின் நான்கு வெளி விளிம்பையும் சுற்றினால் இடஞ்சுழி. சட்டத்தின் உள் விளிம்பைச் சுற்றினால் வலஞ்சுழி. மூன்றுமே ஒரே விதி. நீங்கள் முன்னேறும்போது மரம் உங்களுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும்.

பலகையின் நடுவில் காடி எடுக்கும்போது இரு பக்கமும் மரம்தான். அப்போது என்ன ஆகும்? முன்னே தள்ளத் தள்ள ரூட்டர் இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். எனவே வழிகாட்டும் நேர்ச்சட்டத்தை இடப்பக்கம் வையுங்கள். ஒதுங்கும் விசையே ரூட்டரைச் சட்டத்தோடு ஒட்டி நிறுத்தும். சட்டம் வலப்பக்கம் இருந்தால் ரூட்டர் அதை விட்டு விலகி, காடி வளைந்துவிடும். ரூட்டரோடே இணைக்கும் விளிம்பு வழிகாட்டிக்குக் கட்டைவிரல் விதியே போதும். விளிம்பு உங்கள் பக்கம், போக்கு இடமிருந்து வலம்.

வேண்டுமென்றே எதிர்த்திசையில் ஓட்டும் முறையும் உண்டு. இழை பெயரும் மரத்தில் கடைசியாக அரை மில்லிமீட்டர் மட்டும் சீவ அனுபவமுள்ள தச்சர்கள் அப்படிச் செய்வார்கள். கருவியின் இழுப்பு உங்கள் கைக்கு நன்றாகப் பழகும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். பெரிய பிட்டில் எப்போதுமே வேண்டாம்.

முதல் வேலை: விளிம்பை உருட்டுதல்

பேரிங் உள்ள உருட்டும் பிட்டில் தொடங்குவோம். இங்கே அளவுச் சட்டம் எதுவும் தேவையில்லை, பேரிங்கே விளிம்பைத் தொட்டு உருண்டு வழிகாட்டும்.

1. விளிம்பைத் தடவிப் பாருங்கள். பேரிங் தான் தொடுவதை அப்படியே நகலெடுக்கும். ரம்பத் தடமோ பள்ளமோ இருந்தால் உருட்டிய வளைவிலும் அது வரும். முதலில் இழைத்தோ உப்புத்தாள் போட்டோ சரிசெய்யுங்கள். ஆணி, திருகு எதுவும் பாதையில் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. பேரிங் தொடுவதற்கு வெட்டுப்படாத மரம் மிஞ்சுமா என்று கணக்கிடுங்கள். 18 மி.மீ. பலகையில் இரு பக்கமும் 9 மி.மீ. ஆரத்தில் உருட்டினால், இரண்டாவது பக்கம் வரும்போது பேரிங்குக்கு இடம் இருக்காது. நடுவில் 2, 3 மி.மீ. தட்டையாக விடும் ஆரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

3. பிளக்கைப் பிடுங்கிய நிலையில் ஆழத்தைச் சரிசெய்யுங்கள். முழு உருவத்தையும் ஒரே தடவையில் எடுக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். கடைசித் தடவைக்கு அரை மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வையுங்கள்.

4. அதே மரத்தின் கழிவுத் துண்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் நல்ல பலகையை வீணாக்குகிறார்கள்.

5. அடித்தட்டைப் பலகைமேல் தட்டையாக வையுங்கள். பிட் மரத்தைத் தொடாமல் வெளியே இருக்கட்டும். இரு கையாலும் உறுதியாகப் பிடித்துச் சுவிட்சைப் போடுங்கள். தொடங்கும்போது ரூட்டர் ஒரு உதறு உதறும். வேகம் முழுமையாக ஏறி, சத்தம் ஒரே சுருதியில் நிலைக்கும்வரை பொறுங்கள்.

6. முதலில் பலகையின் குறுக்குவெட்டு முகங்களை உருட்டுங்கள், பிறகு நீளவாக்கு விளிம்புகளை. குறுக்குவெட்டு முடியும் மூலையில் இழைகளுக்குப் பின்னால் தாங்கல் இல்லாததால் ஒரு சிராய் பெயரும். அடுத்து நீளவாக்கில் வரும் வெட்டு அந்தப் பெயர்ந்த பகுதியைச் சேர்த்தே எடுத்துவிடும். குறுக்குவெட்டை மட்டும் உருட்ட வேண்டியிருந்தால், பலகையின் அந்த ஓரத்தில் ஒரு கழிவுத் துண்டைச் சமமாக வைத்துக் கிளாம்ப் போடுங்கள். பெயர்ந்தால் அது பெயரட்டும்.

7. மெல்ல மரத்துக்குள் நுழைந்து, பேரிங் தொட்டதும் சீராக நகருங்கள். பலகைமேல் உள்ள கைப்பிடியில்தான் எடை விழ வேண்டும். அடித்தட்டின் பாதி வெளியே தொங்குவதால், வெளிப்பக்கக் கைப்பிடியை அழுத்தினால் ரூட்டர் சாய்ந்து விளிம்பைக் கடித்துவிடும். மூலைகளில் இது இன்னும் அதிகம், அங்கே அடித்தட்டின் கால்பங்குதான் மரத்தின்மேல் இருக்கும்.

8. முடிந்ததும் ரூட்டரை மரத்திலிருந்து வெளியே நகர்த்தி, பிறகு அணையுங்கள். பிட் முழுதாக நிற்கும்வரை கீழே வைக்காதீர்கள். அணைத்த பிறகும் சில நொடிகள் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

நகரும் வேகத்தை எப்படி அறிவது? காதையும் சீவலையும் கவனியுங்கள். மோட்டாரின் சுருதி சட்டென்று இறங்கினால் அவசரப்படுகிறீர்கள். சுருதி கீச்சென்று ஏறி, மாவு போன்ற தூளும் புகை வாசனையும் வந்தால் மிக மெதுவாகப் போகிறீர்கள். திட மரத்தில் சிறு சிறு சீவல்களாக உதிர்ந்தால் வேகம் சரி. எம்.டி.எஃப்.பில் எப்போதும் தூள்தான், அங்கே சத்தத்தை மட்டும் நம்புங்கள்.

இரண்டாவது வேலை: தட்டு உட்காரக் காடி

இதற்குப் பிளஞ்ச் ரூட்டர் சுகம். 18 மி.மீ. ப்ளைவுட் என்று சொல்லி விற்பது பல சமயம் அதைவிட மெல்லியதாகவே இருக்கும். ஆகவே 18 மி.மீ. பிட் போட்டு ஒரே ஓட்டத்தில் எடுத்தால் தட்டு தளர்வாக ஆடும். 12 மி.மீ. பிட் போட்டு, கையிலிருக்கும் தட்டின் தடிமனுக்கே இரண்டு ஓட்டமாக எடுப்பது நல்லது.

முதலில் நேர்ச்சட்டத்தின் இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். வட்ட அடித்தட்டின் விட்டம் 150, பிட் 12 என்றால், அடித்தட்டின் ஓரத்திலிருந்து பிட்டின் ஓரத்துக்கு 75-ல் 6 போக 69 மி.மீ. கணக்கு இப்படி இருந்தாலும், கழிவுத் துண்டில் சட்டம் வைத்து ஒரு காடி வெட்டி அளந்து பார்ப்பதையே நான் நம்புவேன். பல ரூட்டர்களில் பிட்டின் மையமும் அடித்தட்டின் மையமும் மயிரிழை விலகியிருக்கும். அதனால் அடித்தட்டின் ஓர் இடத்தில் புள்ளி வைத்து, அந்தப் பக்கமே எப்போதும் சட்டத்தைத் தொடும்படி ஓட்டுங்கள். நடுவில் ரூட்டரைத் திருப்பிப் பிடித்தால் காடி நெளியும்.

காடியின் இரு ஓரத்தையும் கூர்க்கத்தியால் ஆழமாகக் கீறிவிடுங்கள். முகத்தகட்டின் இழைகள் முன்கூட்டியே அறுபட்டிருந்தால் பிசிறு எழாது. வெளியேறும் முனையில் ஒரு கழிவுத் துண்டைத் தாங்கலாக வையுங்கள்.

ஆழம் 8 மி.மீ. தேவை என்றால் மூன்று படியாக இறக்குங்கள். ஒரு தடவைக்குப் பிட் விட்டத்தில் பாதிக்கு மேல் போகாமல் இருப்பது நல்ல வரம்பு. 6 மி.மீ. தண்டுள்ள ட்ரிம்மரில், கடின மரம் என்றால் 3 மி.மீ. போதும். பிளஞ்ச் ரூட்டரின் படிநிலைத் தடுப்பானை (பிட் எவ்வளவு இறங்கலாம் என்று நிறுத்தும் பாகம்) மூன்று உயரத்துக்கு முன்பே அமைத்துவிட்டால், ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் திருப்பி வைத்தால் போதும். மோட்டாரை ஓடவிட்டு இறக்கி, பூட்டி, உடனே நகரத் தொடங்குங்கள். இறக்கிய இடத்தில் நின்றால் அங்கே கருகும். ஓட்டம் முடிந்ததும் பூட்டைத் தளர்த்தி பிட்டை மேலே வரவிட்டு, அணைத்து, நின்ற பிறகு தூக்குங்கள். அடுத்த ஓட்டத்துக்கு முன் காடியில் அடைந்த சீவலை உறிஞ்சியோ தூரிகையாலோ எடுத்துவிடுங்கள். அது சட்டத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே புகுந்தால் அந்த இடத்தில் காடி விலகும்.

அச்சுப் பலகையும் வழிகாட்டி வளையமும்

ஒரே அளவில் பல கீல் குழிகள் வேண்டுமென்றால் அச்சு செய்துகொள்வது லாபம். அடித்தட்டில் பொருத்தும் வளையம் அச்சின் ஓரத்தை ஒட்டிப் போகும், பிட் அதன் நடுவில் வெட்டும். வளையத்தின் வெளிவிட்டம் 16, பிட் 10 என்றால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 3 மி.மீ. வெட்டு உள்ளே தள்ளி விழும். அச்சின் திறப்பை ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. பெரிதாக வெட்டினால் கணக்கு நேராகும். அச்சுக்கு 9 அல்லது 12 மி.மீ. எம்.டி.எஃப். நல்லது. வளையத்தின் கழுத்து அச்சின் தடிமனைவிட நீண்டிருந்தால் அது மரத்தில் முட்டும், முன்பே பாருங்கள். மூலைகள் பிட்டின் ஆரத்துக்கு வளைந்து நிற்கும். சதுரக் கீலுக்கு அவற்றை உளியால் சீர்செய்தாக வேண்டும்.

வெட்டு சரியாக வராதபோது

கருகல் தென்பட்டால் முதலில் நகரும் வேகத்தையும், அடுத்து பிட்டின் கூரையும் சந்தேகியுங்கள். மூலையில் திரும்பும்போது கை தயங்குவதால்தான் அங்கே எப்போதும் கரும்புள்ளி விழுகிறது. உப்புத்தாளால் தேய்த்து மாய்வதைவிட, ஆழத்தை மயிரிழை கூட்டி நிற்காமல் ஒரு ஓட்டம் ஓட்டினால் கருகல் போய்விடும். இதற்காகத்தான் கடைசி அரை மில்லிமீட்டரை மிச்சம் வைக்கச் சொன்னேன்.

நீளவாக்கில் சிராய் பெயர்ந்தால், அந்த இடத்தில் இழை விளிம்பை நோக்கிச் சரிந்து ஓடுகிறது. ஆழத்தைக் குறைத்துப் பல ஓட்டமாக எடுங்கள். அலை அலையாகத் தடம் விழுந்தால் நகர்வு விட்டு விட்டுப் போகிறது, அல்லது பேரிங்கில் பிசின் ஒட்டியிருக்கிறது. வெட்டிக்கொண்டே போகையில் காடி ஆழமாகிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்துங்கள். பிட் கோலெட்டிலிருந்து வெளியே நழுவுகிறது. அளவுக் குறைதானே என்று தொடரக் கூடாது, அடுத்த நொடி அது கழன்று பறக்கலாம். புதிதாக ஒரு அதிர்வோ கடகட சத்தமோ கேட்டாலும் அப்படித்தான். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, காரணம் தெரிந்த பிறகே மறுபடி தொடங்குங்கள்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் பிட்டைக் கோலெட்டிலேயே விட்டுவிடாதீர்கள். கழற்றித் துடைத்து, ஒன்றோடொன்று மோதாமல் தனித்தனிக் குழியில் நிறுத்துங்கள். கார்பைடு கடினமானது, ஆனால் எளிதில் உடையும். டப்பாவில் கொட்டி வைத்தால் முனைகள் நுணுக்கமாகச் சில்லுப் பெயரும், அந்தச் சில்லு மரத்தில் நீளக் கோடாக விழும்.

கூர் குறைந்ததாகத் தோன்றினால் உடனே தீட்டப் போகாதீர்கள். பாதி நேரம் அது பிசின்தான். பேரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, பிசின் கரைப்பானில் பிட்டைச் சற்று ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். பேரிங்கைக் கரைப்பானில் போட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து அது இறுகிவிடும். இறுகிய பேரிங் உருளாமல், பிட்டின் வேகத்திலேயே சுழன்று விளிம்பைக் கருக்கும். விரலால் சுண்டிப் பார்த்து, சிக்காமல் சுற்றுகிறதா, திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

கழுவிய பிறகும் மழுங்கல் தெரிந்தால், பல்லின் தட்டையான முன்முகத்தை மட்டும் நுண்ணிய வைரக் கல்லில் வைத்துச் சில தடவை தேய்க்கலாம். இரு பல்லுக்கும் சம எண்ணிக்கையில் தேயுங்கள், இல்லாவிட்டால் சமநிலை போகும். வளைந்த வெளிப்புறத்தைத் தொடாதீர்கள், அங்கே தேய்த்தால் உருவமும் விட்டமும் மாறும். சில்லுப் பெயர்ந்த பிட்டையும், தண்டு வளைந்த பிட்டையும், கார்பைடு முனை ஒட்டிய இடத்தில் விரிசல் தெரியும் பிட்டையும் எதற்காவது உதவும் என்று எடுத்து வைக்க வேண்டாம். அன்றே தூக்கி எறிந்துவிடுங்கள்.